எடைக்கல் யார் கையில்?

தராசு பொய் சொல்லாது என்பர். தராசுக்கு வாயேது, பொய் சொல்ல? பொய்யோ மெய்யோ, பேசுவது எடைக்கல். சந்தையிலே புளி வாங்கும் மூதாட்டிக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். கல்லைப் புரட்டுவாள், முத்திரை இருக்கிறதா என்று தடவுவாள், தட்டின் அடியில் எதையேனும் ஒட்டி வைத்திருக்கிறானா என்று குனிந்து நோக்குவாள். கால் கிலோ புளிக்கு இத்தனை விழிப்பு! ஆனால் ஆயுள் முழுதும் சிந்தும் வியர்வையை ஒருவன் நிறுத்து, "உன் விலை இவ்வளவு" என்று சீட்டெழுதி நீட்டும்போது மட்டும், "கல்லைக் காட்டு, பார்க்கலாம்!" என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை.

எழவேண்டும். அதற்காகவே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரத்தைக் கேட்கிறேன்.

பணி மதிப்பீடு என்றொரு முறை உண்டு. ஒரு நிறுவனத்திலே பத்து விதமான வேலைகள் நடக்கின்றன. எந்த வேலைக்கு எவ்வளவு ஊதியம்? வேலைகளைக் கூறு கூறாகப் பிரிக்கின்றனர். திறமைக்கு இத்தனை புள்ளி, பொறுப்புக்கு இத்தனை, முயற்சிக்கு இத்தனை, பணிச் சூழலின் கடுமைக்கு இத்தனை என்று இடுகின்றனர். கூட்டுத்தொகைக்கு ஏற்ப ஊதியப் படியில் ஏற்றி வைக்கின்றனர். ஆளை அளப்பதன்று இது. ஆள் செய்யும் வேலையை அளப்பது. தலைவரின் மைத்துனன் என்பதால் ஒருவனுக்கு அள்ளிக் கொடுப்பதும், தலைகுனிந்து நிற்பவள் என்பதால் ஒருத்திக்குக் கிள்ளிக் கொடுப்பதுமான அலங்கோலத்தைவிட ஆயிரம் மடங்கு மேலான முறை. நான் இதன் பகைவன் அல்லன். இதன் பெயரால் நடக்கும் மோசடிக்கே பகைவன்.

இரண்டு கூட்டத்தார் இதிலே நம் வாயை அடைக்கின்றனர். கண்ணாடி மாளிகையில் குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்திருப்போர் ஒரு சாரார், "புள்ளிக்கணக்கு விஞ்ஞானம், கேள்வி கேளாதே" என்பர். பெண்ணுரிமைப் பதாகையின் கீழ் அமர்ந்திருப்போரிலே சிலர் மறுசாரார், "நாம் செய்வது சேவை, சேவைக்குக் கணக்கேது? கேள்வி கேளாதே" என்பர். முன்னவர் கணக்கைக் காட்டுவர். பின்னவர் கருணையைக் காட்டுவர். முடிவிலே பெண்ணின் கூலி குறைந்திருக்கும், இரண்டு இடத்திலும்! ஆகவே இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறேன். நடுவர் நீங்கள். சாட்சிகள் வரட்டும்.

*

முதல் சாட்சி, லண்டன் மாநகரின் கிழக்குப் புறத்திலுள்ள டாகன்ஹாம். அங்கே போர்டு கார்த் தொழிற்சாலை. 1967ஆம் ஆண்டு அந்த நிறுவனம் வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்து, எல்லா வேலைகளையும் மதிப்பிட்டு, ஐந்து தரங்களாகப் பிரித்தது. கார் இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் 187 பேர். அவர்களை எந்தத் தரத்திலே வைத்தனர்? 'பி' தரத்திலே! திறமை குறைந்த வேலை என்பது அதன் பொருள். அதற்கு மேலான 'சி' தரத்திலே இருக்கவேண்டிய வேலை எமது என்றனர் பெண்கள். அதோடு முடிந்ததா கொடுமை? அந்த 'பி' தரத்து ஆணுக்குரிய கூலியும் அவர்களுக்கு முழுதாக இல்லை. அதிலே 85 விழுக்காடுதான். தரத்தில் ஒரு வெட்டு. அந்தத் தரத்துக்குரிய கூலியில் மறு வெட்டு!

தையல் எப்படித் திறமை குறைந்த வேலை ஆயிற்று? பல துண்டுகளை வடிவம் பிசகாமல், மடிப்பு விழாமல், ஓடும் ஊசியின் கீழே விரலையும் காத்துக்கொண்டு இணைக்கவேண்டும். வேலையில் சேருமுன் எந்திரத்தில் தைத்துக் காட்டித் தேறவும் வேண்டும். அப்படியிருந்தும் எப்படி? நாடகம் எழுதுகிறவன் நான். அந்த நிபுணர்களின் மனத்துக்குள் ஓடிய வாதத்தை மேடையில் ஏற்றச் சொன்னால், இப்படித்தான் ஏற்றுவேன்.

முதலாளி: தையலை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

தையற்காரி: என் தாய். சிறு வயதிலே.

முதலாளி: என் தொழிற்சாலை கற்றுத்தரவில்லையே?

தையற்காரி: இல்லை.

முதலாளி: ஆகவே அது திறமையன்று, பெண்ணின் இயல்பு. இயல்புக்குக் கூலி கேட்பார் உண்டோ?

தையற்காரி: அப்படியானால் தைக்கத் தெரியாத பெண்ணை வேலைக்கு அமர்த்துங்களேன்! அவளும் பெண்தானே?

முதலாளி: அதெப்படி முடியும்? சோதனையில் தேறாதவளை எப்படிச் சேர்ப்பது!

சிரிக்கிறீர்கள். ஆனால் உலகெங்கும் பெண்களின் கூலிச்சீட்டில் எழுதியிருப்பது இந்த உரையாடல்தான். வேலைக்கு எடுக்கும்போது அது தகுதி. கூலி கொடுக்கும்போது அது இயல்பு! ஆண் பட்டறையில் கற்றால் தொழில். பெண் வீட்டில் கற்றால் குணம்!

1968 ஜூன் 7ஆம் நாள் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தினர். மூன்று வாரம்! இருக்கை இல்லாமல் கார் வெளியே போகுமா? தொழிற்சாலை திணறிற்று. வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பார்பரா காசில் அம்மையார் அவர்களை அழைத்துத் தேநீர் தந்து பேசினார். முடிவு என்ன? ஆணின் 'பி' தரக் கூலியில் 92 விழுக்காடு! தரம்? அதே 'பி'!

இங்கேதான் நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டும், தோழர்களே! அவர்கள் கேட்டது தரம். கிடைத்தது விழுக்காடு. காசைக் கொஞ்சம் கூட்டித்தர முதலாளி இசைந்தான். எடைக்கல்லை மாற்ற இசையவில்லை. காசு இன்று கொடுத்தால் இன்றோடு போகும். கல்லை மாற்றினாலோ, அந்தக் கல்லால் நிறுக்கப்பட்ட அத்தனை பேரும் எழுந்து கணக்குக் கேட்பார்களே! அந்த அச்சம்! 1984ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் நடத்திய பின்னரே 'சி' தரம் அவர்களுக்கு வந்தது. முதற்போரின் கதை 2010இல் திரைப்படமாகவும் ஓடிற்று. 1968இன் வெற்றியோடு திரை விழுகிறது. பார்த்தவர் மகிழ்ந்து வீடு திரும்பினர். திரைக்கு வெளியே, தரத்துக்காக அந்தப் பெண்கள் இன்னும் 16 ஆண்டுகள் காத்துக் கிடந்தனர்.

*

இரண்டாம் சாட்சி, சட்டம். அந்தப் போராட்டத்தின் அதிர்ச்சியில் பிறந்தது பிரிட்டனின் 1970ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம். 1975இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதிலே ஒரு தந்திரக் கதவு! ஆணும் பெண்ணும் ஒத்த வேலை செய்தால் சம ஊதியம். வெவ்வேறு வேலையானால், முதலாளி பணி மதிப்பீடு நடத்தி இரண்டும் சமம் என்று கண்டிருந்தால் மட்டுமே சம ஊதியம். முதலாளி மதிப்பீடே நடத்தாவிட்டால்? வழக்கே இல்லை! கதவைக் கட்டிப் பூட்டி, சாவியை முதலாளியின் மடியிலேயே செருகிவிட்டனர். 1982இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தவறென்று தீர்ப்பளித்த பிறகே, 1984 ஜனவரி முதல் பெண் தானே வந்து, "என் வேலையை அவன் வேலையோடு நிறுத்துப் பாருங்கள்" என்று கேட்கும் உரிமை பிறந்தது.

அந்த உரிமையை எடுத்துக்கொண்டு வந்தவர்களில் முன்னே நின்றவர் ஜூலி ஹேவர்ட். கேமல் லேர்ட் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்திலே சமையற்காரர். பக்கத்திலே வண்ணம் பூசுவோர், தச்சர், வெப்பக்காப்பு வேலை செய்வோர், எல்லாம் ஆண்கள், எல்லாருக்கும் அவரைவிட மிகுந்த கூலி. "என் வேலை அவர்கள் வேலைக்கு மதிப்பில் குறைந்ததா?" என்று கேட்டார். தனி நிபுணர் ஒருவர் வந்தார். உடலுழைப்பு, சூழல், திட்டமிடலும் முடிவெடுத்தலும், திறமையும் அறிவும், பொறுப்பு என ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தார். தட்டு சமமாக நின்றது! அடுப்படியும் கப்பற்பட்டறையும் சமம்!

விட்டானா முதலாளி? "அவளுக்கு இலவச உணவு தருகிறோமே! அதையும் கூட்டிப் பாருங்கள்" என்றான். அடிப்படைக் கூலியில் குறைத்ததைச் சோற்றுத் தட்டால் மூடப் பார்த்தான். 1988இல் அந்நாட்டின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் சொல்லிவிட்டனர்: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு கூறும் தனித்தனியே சமமாக வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது. சோறு வேறு, கூலி வேறு!

மூன்றாம் சாட்சி கிளாஸ்கோ நகராட்சி. அங்கே பணி மதிப்பீடு நடத்தியாயிற்று, புள்ளி போட்டாயிற்று, விஞ்ஞானம் என்று முழங்கியாயிற்று. அந்தக் கணக்கிலே வாரம் 37 மணி நேர வேலைக்குத் தனிப் புள்ளி வைத்திருந்தனர். குழந்தையையும் முதியோரையும் பார்த்துக்கொண்டு குறைந்த நேரம் வேலை செய்தோர் யார்? பெரும்பாலும் பெண்கள்! பெண் என்ற சொல் கணக்கில் எங்குமே இல்லை. ஆனால் கணக்கு முடிந்தபோது பெண் கீழே இருந்தாள். அந்த முறை சட்டத்துக்கு இயைந்தது என்று நகராட்சியால் நிலைநாட்ட முடியவில்லை என 2017இல் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம் கூறிற்று. 2018 அக்டோபரில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தனர். மறு ஆண்டு நகராட்சி ஒப்புக்கொண்ட நிலுவை ஏறத்தாழ 50 கோடி பவுண்டுக்கும் மேல். கள்ளக் கல்லின் விலை அது! பெண்ணுக்குக் கொடுக்க மறுத்த கூலி அழிவதில்லை, தோழர்களே. வட்டியோடு வாசலுக்கு வருகிறது.

*

"வெள்ளையர் நாட்டுக் கதை நமக்கெதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். சொல்கிறேன்.

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை உலகத் தொழிலாளர் நிறுவனம் 1951இல் 100ஆம் உடன்படிக்கையாக வகுத்தது. 1958இல் இந்தியா அதற்கு ஒப்பமிட்டது. மதிப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே வேலை என்று அங்கே எழுதவில்லை. சம மதிப்பு என்றே எழுதினர். இந்தியாவின் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் என்ன எழுதிற்று? ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை! மதிப்பு என்ற சொல் கடல் தாண்டி வருவதற்குள் நழுவிவிட்டது. ஊதியச் சட்டத்தொகுப்பு 2019இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. "ஒத்த தன்மை" மட்டும் போகவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் ஒரே வேலை செய்தால் இந்தச் சட்டம் காக்கும். பெண்களை ஒரு வேலையிலும் ஆண்களை மற்றொரு வேலையிலும் அடைத்துவிட்டால்? தையற்காரியைக் கொல்லனோடும், சமையற்காரியைத் தச்சனோடும் நிறுக்க இங்கே தட்டே இல்லை!

ஆயினும் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1987இல் ஒரு பெரும் உண்மையை உரைத்தது. மெக்கின்னன் மெக்கென்சி என்ற நிறுவனம் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியம் கொடுத்தது. ஆட்ரி டிகோஸ்டா என்ற ஊழியர் வழக்காடினார். "எங்கள் நிதிநிலை சரியில்லை" என்று நிறுவனம் கையை விரித்தது. சம ஊதியம் என்பது நிறுவனத்தின் நிதி வலிமையைப் பொறுத்ததன்று என்று நீதிமன்றம் தீர்த்தது. இந்தத் தீர்ப்பை மனத்திலே முடிந்து வையுங்கள். அடுத்த கூண்டுக்குப் போகும்போது தேவைப்படும்.

*

இனி, பெண்ணுரிமைப் பதாகையின் கீழே அமர்ந்திருப்போர். இவர்களைக் கடிவது எனக்கு இன்பமன்று. பெண்ணை அடிக்கிறவனின் கையைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவர்கள். ஆதலாலேதான் அவர்களிடம் மிகுதியாகக் கேட்கிறேன். கள்ளுக்கடைக்காரனிடம் யாரும் ஒழுக்கக் கணக்குக் கேட்பதில்லை, பள்ளிக்கூடத்தாரிடம்தான் கேட்பார்கள்.

1984இல் ராஜஸ்தானிலே மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. அரசின் திட்டம், யுனிசெப்பின் உதவி, தன்னார்வ அமைப்புகளின் துணை. உயர்ந்த நோக்கம்! மேலே அதிகாரிகள், சம்பளத்தோடு. நடுவிலே மேற்பார்வையாளர், சம்பளத்தோடு. கீழே, சிற்றூரிலே, உண்மையில் வேலை செய்கிற பெண். தோழி என்று பொருள்படும் 'சாதின்' என்பது அவளுக்குப் பெயர். அவளுக்கு மட்டும் சம்பளமில்லை! மதிப்பூதியம், மாதம் 200 ரூபாய்! நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை. மற்றப் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கேட்டு வாங்கும்படி ஊரைத் திரட்டியவள் அவள்!

மதிப்பூதியமாம்! மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. இரண்டு இன்மையையும் சேர்த்து ஒரு சொல் செய்துவிட்டனர்!

இந்தச் சாதின்களில் ஒருவர் பன்வாரி தேவி. 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய பணி. அதற்குப் பழியாகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. நெஞ்சு கொதித்த பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் நெறிகள் வந்தன. 2013இல் அது சட்டமே ஆயிற்று. இன்று நாடெங்கும் அலுவலகங்களில் அமர்ந்துள்ள பெண்களின் தலைக்கு மேலே நிற்கும் அந்தக் குடை, மதிப்பூதியம் பெற்ற ஒரு சாதின் கொடுத்த விலையால் விரிந்த குடை!

இப்போது நிறுப்போம், வாருங்கள். சாதினின் வேலை. திறமை: அதிகாரம் ஏதுமின்றி, சாதியும் ஆணாதிக்கமும் ஆளும் ஊரை வாய்ச்சொல்லால் மாற்றும் திறமை. பொறுப்பு: சிறுமிகளின் வாழ்வு. முயற்சி: பகலும் இரவும், நடையும் பேச்சும், வசையும் மிரட்டலும். சூழல்: உயிருக்கே ஊறு! இந்த நான்கிலும் உச்சிப் புள்ளி பெறவேண்டிய வேலைக்கு 200 ரூபாய் எப்படி வந்தது? பள்ளிச் சான்றிதழ் என்ற ஒரே கல்லை மட்டும் தட்டில் வைத்தனர். மற்ற கற்களை மடியில் வைத்துக்கொண்டனர்.

அங்கன்வாடியைப் பாருங்கள். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய திட்டம். நாட்டின் பிஞ்சுகளுக்குச் சோறும் எழுத்தும் தருகிற பெண்களுக்கு அங்கேயும் மதிப்பூதியம்தான். 2018இல் ஒன்றிய அரசு அதை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. அதையே பெருங்கொடை என்று பறை சாற்றிற்று. மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும் அது கூலியே, அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆயிற்று. குழந்தை வளர்ப்புப் பெண்ணின் இயல்பாம்! டாகன்ஹாமின் தையலும் இந்த ஊர்த் தொட்டிலும் ஒரே கல்லால் நிறுக்கப்பட்டன, காண்பீர்!

*

"கல்லை மாற்றினால் அப்படி என்ன மாறிவிடும்?" என்று ஐயுறுவோருக்கு ஒரு கணக்கு. நானே வகுத்த கற்பனைக் கணக்கு. எவரும் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பெண்ணுரிமை அமைப்பு. அதிலே இரண்டு வேலைகள். ஒன்று, நிதி தருவோருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் அலுவலர். மற்றொன்று, அடிபட்ட பெண்கள் தங்கும் காப்பகத்தின் இரவுப் பணியாளர். நள்ளிரவில் இரத்தம் ஒழுக ஒருத்தி வருவாள். அவளை மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். காவல் நிலையத்தோடு பேசவேண்டும். அலறும் குழந்தையை அணைக்கவேண்டும். வாசலில் நின்று கத்தும் கணவனைத் தடுக்கவேண்டும்.

ஒவ்வொரு கூறுக்கும் உச்சம் 5 புள்ளி. அறிக்கை அலுவலருக்குத் திறமை 5, பொறுப்பு 4, முயற்சி 2, சூழல் 1. இரவுப் பணியாளருக்குத் திறமை 4, பொறுப்பு 4, முயற்சி 5, சூழல் 4. இதுவரை சண்டை இல்லை. இனி எடைக்கல். 100 எடையைப் பங்கிடவேண்டும். முதல் பங்கீடு: திறமைக்கு 60, பொறுப்புக்கு 30, முயற்சிக்கு 5, சூழலுக்கு 5. பெருக்கிக் கூட்டினால் அறிக்கை அலுவலருக்கு 435; இரவுப் பணியாளருக்கு 405. அறிக்கை வென்றது! மற்றொரு பங்கீடு: திறமைக்கு 40, பொறுப்புக்கு 30, முயற்சிக்கு 20, சூழலுக்கு 10. இப்போது அறிக்கை அலுவலருக்கு 370; இரவுப் பணியாளருக்கு 420!

அதே வேலைகள். அதே புள்ளிகள். எவரும் பொய் சொல்லவில்லை. கல் மாறிற்று, மேலே இருந்தது கீழே வந்தது! முதல் பங்கீட்டை எழுதியது யார்? அறிக்கை எழுதத் தெரிந்தவர்! காப்பகத்துக்காரிக்கு அந்த அறையிலே நாற்காலி போட்டிருந்தால் அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்குமா? இதைத்தான் விஞ்ஞானம் என்று நம்மிடம் விற்கின்றனர். பெருக்கலும் கூட்டலும் விஞ்ஞானம், ஒப்புகிறேன். 60ஆ 40ஆ என்பது அரசியல்! அரசியல் எனில், அதிலே பேச நமக்கு உரிமை உண்டு.

நான் பட்டங்களை இகழ்பவன் அல்லன். கல்லூரிப் படிக்கட்டைப் பாதியில் விட்டு இறங்கியவன் நான். அதன் அருமை ஏறி முடித்தவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். படிப்புக்கும் தட்டிலே இடம் இருக்கட்டும். தட்டு முழுவதையும் அது அடைத்துக்கொள்ளலாகாது என்பதே என் வாதம்.

*

மறுப்புகள் வரும், வரட்டும்.

"சேவைக்குக் கூலி கேட்பது இழிவு" என்பர். கேட்கிறேன்: சேவை என்ற காரணத்தால் அமைப்பின் இயக்குநர் ஊதியத்தை விட்டாரா? கட்டடச் சொந்தக்காரர் வாடகையை விட்டாரா? சேவையின் சுமை முழுவதும் கடைசிப் படியில் நிற்பவளின் தலையிலேதானா? அவள் வீட்டு உலைக்கு அரிசி கேட்டால், 'சேவை' என்ற சொல்லைப் போட்டுக் கொதிக்கவைப்பாளா?

"நிதி இல்லை, கொடுப்போர் திட்டச் செலவுக்குத்தான் கொடுக்கின்றனர், ஊதியத்துக்கு அல்ல" என்பர். முடிந்து வைத்த தீர்ப்பை இப்போது அவிழுங்கள். நிதி வலிமை காரணமாகாது என்று வணிக நிறுவனத்துக்கே நீதிமன்றம் சொல்லிற்று. பெண் விடுதலை பேசுவோர் வணிகனுக்கு மறுக்கப்பட்ட சாக்கைக் கடன் வாங்கலாமா? கருத்தரங்க மண்டபத்துக்குச் செலவு உண்டு, வண்ணப் பிரசுரத்துக்கு உண்டு, காப்பகத்துக்காரியின் கூலிக்கு மட்டும் இல்லையென்றால், குறை பெட்டியில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. கொடுப்போரிடமும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுங்கள்: மனிதருக்குக் கூலி கொடாத திட்டம் திட்டமன்று.

"சந்தை விலை அப்படி, ஆங்கிலம் எழுதுவோர் அரியர், அன்பு காட்டுவோர் மலிவு" என்பர். சந்தை வைத்த விலையே சரியென்றால் பெண்ணுரிமை அமைப்பு எதற்கு? டாகன்ஹாமில் 'பி' தரம் போட்டதும் சந்தைதானே! பெண்ணின் உழைப்பை மலிவாக்கிய சந்தையை எதிர்க்கப் பிறந்த அமைப்பு, தன் வீட்டுக்குள் அதே சந்தையின் விலைப்பட்டியலைத் தொங்கவிடலாமா?

"புள்ளி போடத் தொடங்கினால் தோழமை கெடும்" என்பர். தோழமை கெடுவது புள்ளியால் அல்ல, தோழர்களே! அடுத்த மேசைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பது இரகசியமாக இருக்கும்போதுதான் ஐயம் முளைக்கிறது; ஐயம் முளைத்த இடத்திலே தோழமை வாடுகிறது.

*

ஆகவே என்ன செய்வது? கண்டனம் மட்டும் முழங்கிவிட்டு இறங்கும் பேச்சாளன் பாதி வேலைக்காரன். மீதி வேலையையும் சொல்கிறேன்.

வேலை என்னவென்று அந்த வேலையைச் செய்கிறவளே எழுதட்டும். எழுத வராவிட்டால் சொல்லட்டும், மற்றவர் எழுதட்டும். மேலாளர் அறையிலிருந்து பார்த்தால் இரவுப் பணி உறக்கமாகத்தான் தெரியும்.

கூறுகளையும் எடைகளையும் முதலில் முடிவு செய்யுங்கள், எந்த வேலைக்கு எத்தனை வரும் என்று பார்க்குமுன். மனவேதனையைத் தாங்குவதும், கதறலைக் கேட்பதும், மலமும் குருதியும் துடைப்பதும், விரல்நுனி நுட்பமும் கணக்கில் ஏறவேண்டும். இவையெல்லாம் பெண்ணின் இயல்பென்று காலமெல்லாம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டவை.

மதிப்பிடும் குழுவிலே கடைசிப் படியில் நிற்போர் பாதிப்பேராவது இருக்கட்டும்: ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், களப்பணியாளர், சமையற்காரர். முடிவுகளைச் சுவரில் ஒட்டுங்கள். குறைபட்டவருக்கு மேல்முறையீடு வையுங்கள். சமமாக்குகிறேன் என்று ஒருவரின் கூலியையும் குறைக்காதீர்; கீழே இருப்பவரை மேலே தூக்குங்கள். உச்சியில் வாங்குபவருக்கும் அடியில் வாங்குபவருக்கும் இடையே இத்தனை மடங்குக்கு மேல் போகாது என்று எல்லை கட்டுங்கள்.

நடக்கக் கூடியதா? ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு நாட்டை நோக்குங்கள். 1975 அக்டோபர் 24ஆம் நாள் அங்கே பத்தில் ஒன்பது பெண்கள் அடுப்பையும் அலுவலகத்தையும் விட்டு வெளியே வந்தனர், நாடே நின்றது. 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் தன் ஊதிய முறை சம மதிப்புக்குச் சம ஊதியம் தருகிறதென்று தானே மெய்ப்பிக்கவேண்டும் என்று 2018இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண் வந்து அழுது அநீதியை மெய்ப்பிக்கவேண்டியதில்லை. கொடுக்கிறவன் நீதியை மெய்ப்பிக்கவேண்டும்! தலைகீழாக நின்ற நியாயம் அங்கே காலூன்றி நிற்கிறது.

தோழர்களே! சட்டத்திலே "மதிப்பு" என்ற சொல் ஏறவேண்டும் என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்போம். அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் ஊரில் அங்கன்வாடிப் பெண்கள் பந்தல் போட்டு அமர்ந்தால், வாழ்த்துரை வழங்கிவிட்டுக் கிளம்பாதீர். அவர்கள் வேலையை அவர்கள் வாயால் கேட்டு, தாளில் எழுதி, அரசின் முன் வையுங்கள். உங்கள் ஊரில் மகளிர் அமைப்பு இருந்தால் அதன் வாசலுக்குப் பகைவராக அல்ல, பங்காளிகளாகச் செல்லுங்கள். காப்பகத்தில் இரவில் விழித்திருப்பவளுக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். தொழிற்சங்க அலுவலகத்திலும் கேளுங்கள், படிப்பகத்திலும் கேளுங்கள், கூட்டம் முடிந்தபின் மேடையைப் பெருக்குகிற பெண்ணுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் கேளுங்கள். ஊருக்குச் சொல்கிற கொள்கை நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

அந்த 187 பெண்கள் 1968இல் கேட்டது எளிய கேள்வி: "எங்களை 'பி' என்று எழுதியது யார், எதைக் கொண்டு?" அதற்கு விடை வர 16 ஆண்டு ஆயிற்று. நம் ஊர்ப் பெண்கள் அத்தனை காலம் காத்திருக்கலாகாது. திங்கட்கிழமை காலையிலே கேளுங்கள்!